லெவன்த் கிரேடு பையனுக்கு ஃப்ரீ லஞ்ச் ஃபார்ம் போடலாமா?

டெக்சஸில் இருக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார். கணவருக்கு வேலை போய் ஏழு மாதம் ஆகிறது. வேலையிழப்பு உதவித்தொகையும் நின்றுவிட்டது. இப்போது இவர் சம்பளம் மட்டும்தான். மாதத்துக்கு இரண்டு முறை வருகிறது. சம்பளச் சீட்டில் 2,400 டாலர், பிடித்தம் போகக் கையில் 1,950. மகன் பதினொன்றாம் வகுப்பு, மகள் ஏழாம் வகுப்பு. பள்ளியிலிருந்து ஃப்ரீ அண்ட் ரெட்யூஸ்டு லஞ்ச் ஃபார்ம் வந்திருக்கிறது. "நமக்கெல்லாம் இது கிடைக்குமா? கிரீன் கார்டு நிலுவையில் இருக்கும்போது இதில் கை வைக்கலாமா? மகனோ, போட்டாலும் நான் சாப்பிட மாட்டேன் என்கிறான். அப்புறம் எதற்கு?" இதுதான் கேள்வி.

போடுங்கள். இந்த வாரமே போடுங்கள். டாலஸ் பக்கம் ஒரு பள்ளி மாவட்டத்தின் உணவுப் பிரிவில் இந்த ஃபார்ம்களைப் பார்ப்பதுதான் என் வேலை. ஒன்பது வருடமாகப் பார்க்கிறேன். எலிமென்டரி பிள்ளைகளுக்கு ஃபார்ம் வந்து குவியும். அதே குடும்பத்துப் பிள்ளை ஹைஸ்கூலுக்குப் போனதும் ஃபார்ம் வருவது நின்றுவிடும். வருமானம் கூடியிருக்காது. பிள்ளை வேண்டாமென்றிருக்கும், பெற்றோரும் சரியென்று விட்டிருப்பார்கள். எனக்கு மனசு வலிக்கும் இடம் அதுதான். ஹைஸ்கூலில்தான் இந்தத் தாளால் கிடைப்பது அதிகம். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உங்கள் கணக்கைப் பார்ப்போம்.

மத்திய அரசு ஒவ்வொரு வருடமும் வறுமைக் கோட்டுக்கு ஒரு தொகை அறிவிக்கிறது. அதில் 130 சதவீதம் வரை வருமானம் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு முழு இலவசம். 130-க்கு மேல் 185 சதவீதம் வரை என்றால் குறைந்த விலை. 2025-26 கல்வியாண்டுக்கு நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு இந்த இரண்டு கோடுகளும் 41,795 டாலரிலும் 59,478 டாலரிலும் நிற்கின்றன. ஒவ்வொரு ஜூலை 1-க்கும் புதுத் தொகை வரும். உங்கள் சம்பளம் 2,400, மாதம் இரண்டு முறை, ஆக வருடத்துக்கு 24 முறை. 57,600. ரெட்யூஸ்டு கோட்டுக்குள் இருக்கிறீர்கள். காலை உணவுக்கு அதிகபட்சம் 30 சென்ட், மதிய உணவுக்கு அதிகபட்சம் 40 சென்ட், அதற்கு மேல் ஒரு சென்ட்கூடப் பள்ளி வாங்க முடியாது. சில மாநிலங்கள் அதையும் தாங்களே கட்டிவிடுகின்றன. பள்ளி நாள் சுமார் 180 என்று வைத்துக்கொண்டால் ஒரு பிள்ளையின் மதியச் சாப்பாட்டுக்கு வருடம் முழுவதற்கும் 72 டாலர்.

அந்த 40 சென்ட் 1981-இல் வைத்தது. ரீகன் ஆட்சியில் செலவைக் குறைக்கிறோம் என்று 20 சென்ட்டை 40 ஆக்கினார்கள். அதே சட்டம்தான் 195 சதவீதமாக இருந்த மேல் கோட்டை 185-க்கு இறக்கியது. அதற்கப்புறம் இரண்டும் நகரவில்லை. 40 சென்ட் நகராமல் இருந்தது நமக்கு நல்லது, 185 நகராமல் இருந்தது நல்லதல்ல. அலாஸ்கா, ஹவாய் தவிர நாடு முழுக்க ஒரே கோடு. கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் எகிறும் வாடகை கொடுப்பவருக்கும் மேற்கு டெக்சஸில் ஒரு சிற்றூரில் இருப்பவருக்கும் ஒரே 59,478. வறுமைக் கோட்டின் வேரே சாப்பாட்டுக் கணக்கில்தான் இருக்கிறது. 1960-களில் சமூகப் பாதுகாப்புத் துறையில் இருந்த மாலி ஒர்ஷான்ஸ்கி, ஒரு குடும்பம் சிக்கனமாகச் சாப்பிட ஆகும் செலவை எடுத்து மூன்றால் பெருக்கினார். அன்றைக்கு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு சாப்பாட்டுக்குப் போனது. இன்றைக்கு வாடகையும் மருத்துவக் காப்பீடும் விழுங்குவதை அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. அதனால் "நாம் ஏழையா என்ன?" என்று தயங்காதீர்கள். இந்தக் கோட்டுக்குள் வந்துவிட்டீர்கள் என்றால் வீட்டில் உண்மையிலேயே இழுத்துப் பிடித்துத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

இனி ஃபார்ம் நிரப்புவது. இதில் சறுக்கும் இடங்கள் சில உண்டு. பணக் கணக்கில் கவனம் வைக்க வேண்டியது, சம்பளம் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது என்று கேட்கும் கட்டம். "இரண்டு வாரத்துக்கு ஒரு முறை" என்பதும் "மாதத்துக்கு இரண்டு முறை" என்பதும் ஒன்று போலத் தெரியும். ஒன்றல்ல. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்றால் வருடத்தில் 26 சம்பளம். உங்கள் 2,400-ஐ அந்தக் கட்டத்தில் போட்டுவிட்டால் 62,400 ஆகிவிடும். "தகுதியில்லை" என்று கடிதம் வரும். ஒரு டிக் தவறியதால் ஒரு வருடம் போகும். இப்படி வந்த ஃபார்ம்களில் சந்தேகப்பட்டு வீட்டுக்கு ஃபோன் செய்து கேட்டிருக்கிறேன். எல்லா அலுவலகத்திலும் அப்படிக் கேட்பார்கள் என்று நம்பி இருக்காதீர்கள். சம்பளச் சீட்டில் தேதியைப் பாருங்கள். 15-ஆம் தேதியும் மாதக் கடைசியும் என்றால் மாதம் இரண்டு முறை. ஒன்று விட்டு ஒரு வெள்ளிக்கிழமை என்றால் மற்றது.

அடுத்தது, கையில் வரும் 1,950-ஐ எழுதாதீர்கள். கேட்பது வரியும் காப்பீடும் ஓய்வூதியப் பிடித்தமும் கழிப்பதற்கு முந்தைய தொகை. ஊருக்கு அனுப்பும் பணத்தையும் கழிக்க முடியாது. அப்பாவின் மருந்துக்கு மாதம் 300 அனுப்புகிறோமே என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி, ஆனால் விதியில் அதற்கு இடமில்லை. சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு மட்டும் தொழில் செலவு போக மீதி. போன வருட வரிப் படிவத்தைத் தேட வேண்டாம். இப்போது வரும் வருமானம்தான் கணக்கு. உங்களைப் போல வேலை போன குடும்பங்களுக்கு இதுதான் பெரிய ஆறுதல். ஜனவரி வரை ஒரு லட்சம் டாலர் சம்பளம் வாங்கியிருந்தாலும் இன்றைய நிலவரப்படிதான் பார்ப்போம். கணவருக்கு உதவித்தொகை வந்துகொண்டிருந்தால் அதையும் சேர்க்க வேண்டியிருக்கும். நின்றுவிட்டது என்பதால் அவர் வரிசையில் பூஜ்யம். வங்கியில் எவ்வளவு கிடக்கிறது, வீடு சொந்தமா, கார் எத்தனை என்று ஃபார்ம் கேட்பதில்லை. ஆனால் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கும் தொகை வருமானத்தில் வரும். அப்படி எடுக்கிறீர்கள் என்றால் உணவுப் பிரிவில் கேட்டு எழுதுங்கள்.

வீட்டில் எத்தனை பேர் என்பதும் முக்கியம். ஒரே அடுப்பு, ஒரே வரவு செலவு என்று சேர்ந்து வாழ்பவர்கள் எல்லோரும் ஒரு குடும்பம்; சொந்தமா இல்லையா என்பது கேள்வி இல்லை. உங்கள் மாமியார் உங்களோடே குடியிருக்கிறார் என்றால் ஐந்து பேர், அப்போது ரெட்யூஸ்டு கோடு 69,653. ஒரு ஆள் கூடினால் பத்தாயிரத்துக்கு மேல் நகர்கிறது. அவருக்கு ஊரிலிருந்து பென்ஷன் வந்தால் அதையும் எழுத வேண்டும். வெளியூரில் காலேஜில் படிக்கும் பிள்ளையும் உங்கள் குடும்பத்தில் ஒருவர்தான், விட்டுவிடாதீர்கள். குடும்பத்துக்கு ஒரே ஃபார்ம் போதும். மகன், மகள் இரண்டு பேரையும் அதிலேயே எழுதுங்கள். வேறு வேறு பள்ளி என்றாலும் மாவட்டம் ஒன்று என்றால் அதுவே போதும்.

இங்கே ஒன்று கேட்டாக வேண்டும். தம்பி வாரக் கடைசியில் எங்காவது வேலைக்குப் போகிறானா? ஹைஸ்கூல் பெற்றோர் பலர் மறந்துவிடும் வரி இது. பிள்ளை ஒழுங்காக ஒரு கடையில் பகுதி நேர வேலை பார்த்துச் சம்பளம் வாங்கினால் அதுவும் குடும்ப வருமானம். வாரம் 80 டாலர் வாங்குகிறான் என்று வையுங்கள். வருடத்துக்கு 4,160. உங்கள் 57,600-உடன் சேர்ந்தால் 61,760 ஆகி, நான்கு பேருக்கான கோட்டைத் தாண்டிவிடும். எப்போதாவது பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டதற்கோ புல் வெட்டியதற்கோ கிடைக்கும் காசு கணக்கில் வராது. வழக்கமான வேலையா, எப்போதாவதா என்பதுதான் வித்தியாசம். உண்மையை எழுதுங்கள். பிள்ளை வீட்டுக்கு உதவட்டும் என்று வேலைக்குப் போனதால் சாப்பாட்டுத் தகுதி போவது எனக்கு ஒப்பவில்லை, ஆனாலும் விதி அதுதான்.

கையெழுத்துப் போடும் பெரியவரின் சோஷியல் செக்யூரிட்டி எண்ணில் கடைசி நான்கு இலக்கம் கேட்பார்கள். இல்லையென்றால் "இல்லை" என்று டிக் செய்ய ஒரு கட்டம் இருக்கிறது. இல்லாததால் யாரையும் திருப்பி அனுப்ப மாட்டோம். சம்பளச் சீட்டு இணைக்கத் தேவையில்லை. கொடுத்த பத்துப் பள்ளி நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். ஆகஸ்டில்தான் போட வேண்டும் என்றும் இல்லை. பிப்ரவரியில் வேலை போனால் பிப்ரவரியில் போடலாம். தகுதி கிடைத்துவிட்டால் அந்தக் கல்வியாண்டு முழுவதும் நிற்கும். அடுத்த வருடம் முதல் 30 பள்ளி நாள் வரையும் தொடரும். நடுவில் உங்கள் கணவருக்கு வேலை கிடைத்தால் எங்களுக்குத் தெரிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அடுத்த வருட ஃபார்மில் அப்போதைய வருமானத்தை எழுதினால் போதும்.

ஒரு எச்சரிக்கை. அக்டோபர் முதல் தேதி கையில் இருக்கும் ஃபார்ம்களிலிருந்து ஒரு சிறு பகுதியை, பெரும்பாலும் கோட்டுக்கு ஒட்டி இருப்பவற்றை, எடுத்து வருமான ஆதாரம் கேட்போம். நவம்பர் 15-க்குள் அந்தச் சரிபார்ப்பு முடிய வேண்டும். அந்தக் கடிதம் உங்களுக்கும் வரலாம். வந்தால் பயப்படாதீர்கள், சம்பளச் சீட்டை அனுப்புங்கள். நான் பார்த்த வரையில் சரிபார்ப்பில் தகுதி இழப்பவர்களில் பாதிப் பேர் பொய் சொன்னவர்கள் இல்லை. கடிதத்தைப் பிரிக்காமல் மேசை மேல் வைத்தவர்கள். பதில் வராவிட்டால் விதிப்படி நிறுத்த வேண்டும், எனக்கு வேறு வழியில்லை. போன வருடம் அப்படி ஒரு வீட்டுக்கு மூன்று முறை ஃபோன் செய்தேன். நான்காவது முறை எடுத்த பாட்டிக்குத் தெலுங்கு மட்டும்தான் தெரியும். எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் "ஜீதம் காகிதம்", அதாவது சம்பளச் சீட்டு, என்று சொல்லிப் புரியவைத்தேன். மறுநாள் மருமகள் கொண்டுவந்து கொடுத்தார்.

கிரீன் கார்டு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் பயம் தெரிகிறது. ஃபார்மில் குடியுரிமை என்ன, விசா என்ன என்ற கேள்வியே கிடையாது. 1996-ஆம் வருடத்து நலத்திட்டச் சட்டம் குடியேறிகளுக்குப் பல கதவுகளை அடைத்தது. அந்தச் சட்டமே, இலவசப் பொதுப் பள்ளியில் படிக்க உரிமை உள்ள பிள்ளைக்குக் குடியுரிமையைக் காட்டிப் பள்ளி உணவை மறுக்கக் கூடாது என்றும் எழுதி வைத்திருக்கிறது. வேலை விசாவில் இருப்பவரின் எச்-4 பிள்ளையும் சாப்பிடலாம், மாணவர் விசாவில் இருப்பவரின் எஃப்-2 பிள்ளையும் சாப்பிடலாம். பிஎச்.டி. உதவித்தொகையில் குடும்பம் நடத்தும் எத்தனையோ நம்மவர்களுக்கு முழு இலவசமே கிடைக்கும், தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். "பப்ளிக் சார்ஜ்", அதாவது அரசுக்குப் பாரமாவார் என்று காட்டிக் கிரீன் கார்டு மறுப்பது, அதுதானே உங்கள் கவலை? 2019-இல் அந்த விதியைக் கடுமையாக்கியபோதுகூடப் பள்ளி உணவை அதில் சேர்க்கவில்லை. 2022-இல் வந்த விதியிலும் சேர்க்கவில்லை. குடியேற்ற விதிகளை அடிக்கடி திருத்தும் காலம் இது என்பதால், நிலுவையில் விண்ணப்பம் வைத்திருக்கும் நீங்கள் வக்கீலிடம் ஒரு வரி கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்காக ஃபார்மை மாதக்கணக்கில் தள்ளிப் போடாதீர்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. உங்கள் வீட்டில் ஒருவருக்கு ஏற்கெனவே ஸ்நாப் உணவு உதவி கிடைத்தால் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் சாப்பாடு தானாக இலவசம். அமெரிக்காவில் பிறந்த தங்கைக்கு வருகிறது என்றால் சென்னையில் பிறந்த அண்ணனுக்கும் சேர்த்து. கலிஃபோர்னியா, மெய்ன், கொலராடோ, மினசோட்டா, நியூ மெக்சிகோ, வெர்மாண்ட், மிஷிகன், மாசசூசெட்ஸ் மாநிலங்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம். 2025-26 முதல் நியூ யார்க்கும் சேர்ந்துவிட்டது. நியூ ஜெர்சியில் எல்லோருக்கும் இல்லை, ஆனால் கோட்டை 224 சதவீதம் வரை உயர்த்தியிருக்கிறார்கள். எடிசன் பக்கம் இருப்பவர்கள் "போன தடவை கிடைக்கவில்லை" என்று விட்டுவிடாமல் திரும்பப் போட்டுப் பாருங்கள். ஏழைப் பிள்ளைகள் அதிகம் உள்ள பள்ளிகளில் 2010-ஆம் வருடச் சட்டப்படி பள்ளி முழுவதற்கும் இலவசமாகக் கொடுக்க ஒரு ஏற்பாடு உண்டு, அங்கே ஃபார்மே கிடையாது. உங்களுக்கு ஃபார்ம் வந்திருக்கிறது என்றால் உங்கள் பள்ளி அந்த வகை இல்லை.

சரி, தம்பி சாப்பிட மாட்டேன் என்கிறானே, அதற்கு வருகிறேன்.

நான் விழுப்புரம் பக்கம் அரசுப் பள்ளியில் சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தவள். அங்கே அப்பாவின் சம்பளத்தை யாரும் கேட்கவில்லை. பெயர் கொடுத்தால் போதும். ஐந்தாவது வரைக்கும் மணி அடித்ததும் தட்டோடு ஓடுவோம். எட்டாவது வந்ததும் கால் தயங்கியது. தட்டைப் பையின் அடியில் வைத்து மேலே நோட்டுகளை அடுக்குவேன். நடக்கும்போது டம்ளர் தட்டில் இடித்துச் சத்தம் வரக் கூடாதென்று நடுவில் ஒரு துணியைத் திணிப்பேன். ஒன்பதாவதில் சாப்பிடுவதையே விட்டுவிட்டேன். பசியோடு கணக்குப் பாடம் கேட்டேன். அதனால் உங்கள் மகன் சொல்வதை வெறும் பிடிவாதம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வயதில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் பசியைவிடப் பெரிது.

ஆனால் அவன் எதைப் பயப்படுகிறானோ அதை இங்கே சட்டம் தடுக்கிறது. இலவசம் வாங்கும் பிள்ளை யார் என்று மற்றவர்களுக்குத் தெரியும்படி தனி வரிசை, தனி டோக்கன், தனி மேசை என்று எதுவும் வைக்கக் கூடாது. ஹைஸ்கூலில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரித் தட்டை எடுத்து, கல்லாவில் ஒரு எண்ணைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். காசு கட்டும் பிள்ளையும் அதே எண்ணைத்தான் தட்டும், அம்மா ஆன்லைனில் போட்டு வைத்த பணத்திலிருந்து கழியும். பின்னால் நிற்பவனுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அவனை ஒரு நாள் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

வித்தியாசம் தெரியும் இடம் வேறு. ஹைஸ்கூல் கேன்டீனில் பக்கத்திலேயே சிப்ஸ், குக்கி, ஜூஸ் என்று தனித்தனியாக விற்கும் கவுன்டர் இருக்கும். ஃப்ரீ, ரெட்யூஸ்டு எதுவும் அங்கே செல்லாது, காசு வேண்டும். கூட்டாளிகள் எல்லோரும் அந்த வரிசையில் நிற்கும்போது இவன் மட்டும் தட்டு வரிசையில் நிற்க வேண்டும். சில பள்ளிகளில் மேல் வகுப்புப் பிள்ளைகள் மதியம் வெளியே போய்ச் சாப்பிடவும் அனுமதி உண்டு. கார் வைத்திருப்பவன் பர்கர் கடைக்குப் போவான், இல்லாதவன் உள்ளே இருப்பான். உங்கள் மகனின் தயக்கம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். "எண்ணைத் தட்டினால் யாருக்கும் தெரியாதுடா" என்று சொன்னால் மட்டும் போதாது. அவனோடு யார் சாப்பிடுகிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்று கேளுங்கள். வாரத்தில் ஒரு நாள் கூட்டாளிகளோடு வாங்கிச் சாப்பிட இரண்டு மூன்று டாலர் கையில் கொடுங்கள். மற்ற நான்கு நாள் 40 சென்ட்டில் வயிறு நிறையும்.

இப்படி ஹைஸ்கூல் பிள்ளைகள் ஃபார்ம் போடாமல் விடுவதில் பள்ளிக்கும் இழப்பு இருக்கிறது. ஏழைப் பிள்ளைகள் அதிகம் உள்ள பள்ளிகளுக்குக் கூடுதல் ஆசிரியர், டியூஷன் என்று செலவழிக்க வரும் "டைட்டில் ஒன்" பணத்தை மாவட்டங்கள் பள்ளிகளுக்குப் பிரிக்கும்போது, எத்தனை பிள்ளைகள் ஃப்ரீ, ரெட்யூஸ்டு என்பதைத்தான் பெரும்பாலும் பார்க்கின்றன. அதே தெருக்களிலிருந்து வரும் பிள்ளைகள். எலிமென்டரியில் ஒரு எண்ணிக்கை, ஹைஸ்கூலில் அதைவிடக் குறைவு. வறுமை திடீரென்று குறைந்ததா என்ன? இது அரசுக்கும் தெரிந்த விஷயம்தான். அதனால் ஹைஸ்கூலின் எண்ணிக்கையை, அதற்குப் பிள்ளைகளை அனுப்பும் கீழ் வகுப்புப் பள்ளிகளின் எண்ணிக்கையை வைத்து மதிப்பிடச் சட்டம் இடம் கொடுக்கிறது. மற்ற பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகள் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கட்டாயம் பணம் தர வேண்டும் என்று இருப்பதை, ஹைஸ்கூலுக்கு மட்டும் 50 சதவீதமாக மாவட்டம் தளர்த்திக்கொள்ள 2015-ஆம் வருடச் சட்டம் வழி செய்தது. இருந்தாலும் நீங்கள் போடும் ஒரு ஃபார்முக்கு ஈடு எதுவும் இல்லை. உங்கள் மகன் ஒரு நாள்கூடச் சாப்பிடாவிட்டாலும் அந்த எண்ணிக்கையில் அவன் இருப்பான்.

அவனுக்கே கிடைப்பதைப் பாருங்கள். லெவன்த் கிரேடு என்றால் காலேஜ் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வு எழுதும் வருடம். ஃப்ரீ, ரெட்யூஸ்டு லஞ்ச் தகுதி உள்ள பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எஸ்.ஏ.டி. கட்டண விலக்கு உண்டு. இரண்டு முறை இலவசமாக எழுதலாம். மதிப்பெண்ணை எத்தனை காலேஜுக்கு வேண்டுமானாலும் காசில்லாமல் அனுப்பலாம். ஒரு முறை எழுத 68 டாலர் ஆகும் தேர்வு இது. அதே மாதிரியான இன்னொரு தேர்வான ஏ.சி.டி.க்கும் இதே போல விலக்கு உண்டு. ஹைஸ்கூலிலேயே எடுக்கும் காலேஜ் தரப் பாடங்களான ஏ.பி.யின் தேர்வுக் கட்டணத்திலும் ஒரு பகுதி குறையும். நம் பிள்ளைகள் நான்கு, ஐந்து ஏ.பி. எழுதுகிறார்கள், கூட்டிப் பாருங்கள். காலேஜ்களுக்கு விண்ணப்பிக்கும் காமன் ஆப்பில் கட்டண விலக்குக் கேட்கும் இடத்தில், மத்திய அரசின் ஃப்ரீ, ரெட்யூஸ்டு லஞ்ச் தகுதி உண்டா என்பதும் ஒரு காரணமாக இருக்கிறது. பத்துக் காலேஜுக்குப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் 50 முதல் 90 டாலர் வரை மிச்சம். இதற்கெல்லாம் அவன் கேன்டீனில் சாப்பிட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை, தகுதி இருந்தால் போதும். "ரெட்யூஸ்டு" என்றாலும் இதில் எதுவும் குறையாது.

ஆனால் இது தானாக நடக்காது. யாருக்கு ஃப்ரீ, யாருக்கு ரெட்யூஸ்டு என்ற விவரம் ரகசியம். இந்த மாதிரி கட்டண விலக்குகளுக்காக அதை வெளியே கொடுக்க உங்கள் சம்மதம் வேண்டும். ஃபார்மோடு இன்னொரு தாளாகவோ, ஆன்லைனில் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டமாகவோ இருக்கும். பலர் அதை விளம்பரம் என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். அதில் சம்மதம் என்று குறியுங்கள். தகுதிக் கடிதம் வந்ததும் அதை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, தம்பியைப் பள்ளி கவுன்சிலரிடம் போய் எஸ்.ஏ.டி. விலக்குக் கேட்கச் சொல்லுங்கள். கவுன்சிலர் ஒருவர் 400 பிள்ளைகளைப் பார்ப்பார். அவராக வந்து கூப்பிட்டுக் கொடுப்பார் என்று காத்திருக்க வேண்டாம். பள்ளி முழுவதற்கும் இலவசம் உள்ள இடங்களில் படிக்கும் பிள்ளைகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். எல்லோருக்கும் சாப்பாடு இலவசம் என்பதாலேயே கட்டண விலக்கு வந்துவிடாது. குடும்ப வருமானம் கோட்டுக்குள் இருக்கிறதா என்று தனியாகப் பார்ப்பார்கள்.

கோடைக்கு ஒரு பிள்ளைக்கு 120 டாலர் உணவுப் பணம் தரும் திட்டம் 2024-இல் தொடங்கியது. டெக்சஸ் அதில் சேரவில்லை என்பதால் உங்களுக்கு அது இல்லை. வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் விசாரியுங்கள்.

மகளைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை, சைவம் என்று மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். சீஸ், பீன்ஸ், தயிர், கடலை வெண்ணெய் எல்லாம் இறைச்சிக்குப் பதில் என்று விதியே ஏற்றுக்கொள்கிறது. எங்கள் மாவட்டத்தில் பீன்ஸ் பரிட்டோவோ சீஸ் பீட்சாவோ இல்லாத நாள் இல்லை. ஜெலட்டின் இருக்கிறதா, எந்த எண்ணெய் என்று கேட்டால் சமையலறையில் பெட்டியைக் காட்டுவார்கள். கேட்கச் சொல்லுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள். பெரும்பாலான பள்ளிகளில் பால் வேண்டாமென்றால் எடுக்கத் தேவையில்லை.

தம்பி ஒரு நாள் சாப்பிடத் துணிந்தால் அவனுக்கு இதைச் சொல்லி அனுப்புங்கள். ஹைஸ்கூலில் இறைச்சி அல்லது அதற்கு மாற்று, தானியம், காய், பழம், பால் என்று ஐந்து வகை வைத்திருப்பார்கள். குறைந்தது மூன்று எடுக்க வேண்டும். அதில் ஒன்று அரைக் கப் பழமாகவோ காயாகவோ இருக்க வேண்டும். பீட்சாவை மட்டும் எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனால் அது சாப்பாட்டுக் கணக்கில் வராது, தனிப் பொருளாக முழு விலை விழும். 40 சென்ட் என்று நினைத்து வந்த பிள்ளை அங்கே முகம் சிவந்து நிற்கும். அதற்கப்புறம் அந்த வரிசைக்கே வராது. அதனால்தான் கல்லாவுக்கு ஒட்டி ஒரு கூடையில் ஆப்பிள் வைத்திருப்போம். கல்லாவில் இருக்கும் அம்மா "ஹனி, ஒரு பழம் எடுத்துக்கோ" என்பார். இங்கே பெரியவர்கள் எல்லாப் பிள்ளைகளையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவன் எடுத்துக்கொண்டு எண்ணைத் தட்டிவிட்டுப் போகட்டும். ஆப்பிளை அங்கே சாப்பிடாவிட்டாலும் பள்ளி அனுமதித்தால் பையில் போட்டுக்கொள்ளலாம், மூன்றரை மணிக்குப் பஸ்ஸில் பசிக்கும்.